நிகோசியாவின் முன்னாள் மேயருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய முஸ்தஃபா அக்கின்ஜி அவர்களுக்கு,

வணக்கம். சைப்ரஸ் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பார்க்கும் வாசகர்களும் இந்தக் கடிதத்தைப் படிப்பார்கள். அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அரசியல் வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது நீங்கள் வடக்கு சைப்ரஸின் அதிபராக இருந்த காலத்தை அல்ல, பாதாளச் சாக்கடைக்காக உழைத்த காலத்தை. 1974இல் கிரேக்க ராணுவ ஆட்சியின் துணையோடு ஆட்சிக் கவிழ்ப்பு, ஐந்தே நாளில் துருக்கிப் படையெடுப்பு, தீவு இரண்டு துண்டு: வடக்கே துருக்கிய சைப்ரியர்கள், தெற்கே கிரேக்க சைப்ரியர்கள். 1976இல் தலைநகர் நிகோசியாவின் வடபாதிக்கு நீங்கள் மேயரானபோது உங்களுக்கு வயது 28. கட்டடக்கலை படித்தவர், சொந்த ஊரான லிமாசோல் முள்வேலிக்கு அந்தப் பக்கம். போருக்கு முன்பே தொடங்கிய சாக்கடைத் திட்டம் அப்படியே கிடந்தது. குழாய் பதித்த தெருக்களில் பெரும்பாலானவை தெற்கே இருந்தன, சுத்திகரிப்பு நிலையம் வடக்கே. நிலம் வடக்கு நோக்கித்தான் சரிகிறது. தெற்கின் கழிவு உங்கள் பக்கம் வராமல் வழியில்லை. உங்கள் பக்கத்து வீடுகளுக்கும் அந்தத் திட்டம் இல்லாமல் விடிவில்லை.

தெற்கு மேயர் லெல்லோஸ் திமித்ரியாதிஸும் நீங்களும் 1978இல் உட்கார்ந்து பேசி முடித்தீர்கள். பேச்சைவிடக் காகிதம்தான் கடினமாக இருந்திருக்கும். ஒருவரை மற்றவர் 'மேயர்' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் அது அங்கீகாரம் ஆகிவிடும் என்று இரு பக்கமும் பயம். அதனால் இரு சமூகங்களின் பிரதிநிதிகள் என்று மட்டும் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தீர்கள். அடுத்த ஆண்டு ஐ.நா. துணையோடு தொடங்கிய நகர்ப் பெருந்திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: நடுவே எல்லைக்கோடு இருந்தால் நகரம் எப்படி வளர வேண்டும், அது நீங்கினால் எப்படி வளர வேண்டும் என்று இரண்டுக்கும் சேர்த்தே வரைந்தார்கள். நாடு ஒன்றாகும் என்று மேடையில் முழங்குவது யாராலும் முடியும். ஒன்றானால் எந்தத் தெரு எந்தத் தெருவோடு சேரும் என்று வரைந்து வைத்தவர்கள் நீங்கள் இருவரும். திமித்ரியாதிஸ் இப்போது இல்லை. அந்தக் கழிவுநீர் இன்றும் ஒரே நிலையத்துக்குத்தான் போகிறது.

நிகோசியாவின் இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள லெட்ரா வீதிக் கடவையை நான் கடந்திருக்கிறேன். இந்தக் கூண்டில் கடவுச்சீட்டை நீட்டி, சிதிலமடைந்த கட்டடங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்து, அடுத்த கூண்டில் மறுபடி நீட்ட வேண்டும். முன்பெல்லாம் வடக்கே நுழைய ஒரு துண்டுத் தாளை நிரப்பிக் கொடுத்து, அதில் முத்திரை வாங்க வேண்டும். நீங்கள் அதிபரான சில வாரங்களில், 2015 மே மாதத்தில், அந்தத் தாளை ஒழித்தீர்கள். தினமும் கடக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வரிசையில் நின்றவருக்குப் புரியும்.

துருக்கியோடு உங்களுக்கு இருந்த சிக்கலை எங்கள் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். துருக்கியைத் தவிர எந்த நாடும் ஏற்காத ஒரு நிர்வாகம் வடக்கு சைப்ரஸ். படை துருக்கியுடையது, பணமும் பெரும்பாலும் அங்கிருந்துதான். 2015 அக்டோபரிலிருந்து குடிநீர்கூடக் கடலுக்கு அடியில் குழாய் வழியாக அங்கிருந்து வருகிறது. அந்த நிலையில், 2015இல் வென்ற கையோடு, தாய்-குழந்தை உறவு போதும், இனி உடன்பிறப்புகளாக இருப்போம் என்றீர்கள். துருக்கி அதிபர் எர்டோகனுக்குக் கோபம் வந்தது. 2019இல் துருக்கிப் படை சிரியாவுக்குள் போனபோது, அங்கே ஓடுவது தண்ணீர் அல்ல, ரத்தம் என்றீர்கள். அந்த நாற்காலியே துருக்கி தந்தது என்று பதில் வந்தது. உங்கள் இடத்தில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வதுதான் வழக்கம். நீங்கள் மூடவில்லை.

விலையும் கொடுத்தீர்கள். 2020 தேர்தலின் முதல் சுற்றுக்கு மூன்று நாள் முன்பு, 1974இல் கிரேக்க சைப்ரியர்கள் விட்டு ஓடியபின் 46 ஆண்டுகள் வேலி போட்டுக் கிடந்த வரோஷாக் கடற்கரை திறக்கப்பட்டது. துருக்கி ஆதரித்த உங்கள் போட்டியாளர் எர்சின் ததாருக்குச் சாதகமாகத்தான் என்று சொல்லத் தேவையில்லை. போட்டியிலிருந்து விலகச் சொல்லி மிரட்டல் வந்ததை நீங்களே வெளியே சொன்னீர்கள். ததாரிடம் நாலாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்றீர்கள். அத்தனை நெருக்கடியிலும் 48 சதவீதம் பேர் உங்கள் பக்கம் நின்றார்கள். அதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எனக்கு உங்கள்மேல் ஒரு மனத்தாங்கலும் உண்டு. தீவை ஒன்றாக்க சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் நடந்த பேச்சு 2017 ஜூலையில் முறிந்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ் வைத்த ஆறு அம்ச வரைவை அப்படியே ஏற்போம் என்று தெற்கின் அன்றைய அதிபர் அனஸ்தாசியாதிஸுக்கு நீங்கள் வெளிப்படையாக அழைப்பு விட்டது 2018 ஏப்ரல் கடைசியில். நடுவே ஒன்பது மாதங்களுக்கு மேல் ஓடிவிட்டன. முறிந்த வாரமே அதைச் சொல்லியிருந்தால், நழுவுவது யார் என்று இரு பக்கத்து மக்களும் நேரில் பார்த்திருப்பார்கள். அனஸ்தாசியாதிஸ் அப்போதும் மறுத்திருக்கலாம். இருந்தாலும் சூடு ஆறுவதற்குள் கேட்டிருக்க வேண்டும்.

2025 அக்டோபரில் நடந்த வடக்கு சைப்ரஸ் அதிபர் தேர்தலில் துஃபான் எர்ஹுர்மான் அறுபது சதவீதத்துக்கு மேல் வாங்கி ததாரை வீழ்த்தினார். இரு சமூகங்களும் ஒரே நாடாகச் சேரும், நீங்கள் பேசிய அதே கூட்டாட்சியைப் பேசுகிறவர். அவர் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கிரான்ஸ்-மொன்டானாவில் பேச்சு முறிந்த 2017 ஜூலை 6 இரவு விருந்து கட்டாயம் நடுவில் வரும். உத்தரவாத நாடு என்ற முறையில் சைப்ரஸில் தலையிடும் உரிமையைக் கைவிட துருக்கி அன்று தயாராக இருந்ததா என்பதில் அந்த மேசையில் இருந்தவர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. அன்று நீங்கள் அங்கே இருந்தீர்கள். உங்கள் காதில் விழுந்ததை, உங்களுக்குச் சாதகமாக இல்லாததையும் சேர்த்து, தெற்கே கிரேக்க மொழி பேசும் இளைஞர்கள் கூடும் ஒரு மேடையில் நேரில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்லுங்கள். எர்ஹுர்மானுக்கு அது உதவும்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகன்