காலில் கட்டிய ரிப்பன்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்தாலே தூளியிலிருந்து குரல் வந்துவிடும். பேத்தி இப்போது தூங்குகிறாள், எவ்வளவு நேரமோ தெரியாது, அதனால் கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்.

மருமகன் போன ஞாயிறு மஸ்கட்டுக்குக் கிளம்பிவிட்டார். பிள்ளைக்கு மூன்று மாதம்தான். "திரும்பி வரும்போது என்னை யாரோன்னு பார்ப்பா, இல்ல அத்தை?" என்று வாசலில் நின்று கேட்டார். அதெல்லாம் தெரியும் போங்க என்று அனுப்பிவிட்டேன், ஆனால் எனக்கே மனசு ஒப்பவில்லை. நாம் பி.எட். படித்தபோது குழந்தை மனசைப் பற்றி பியாஜே என்ற உளவியலாளரைத் தாண்டி நமக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லையே, சரி, நாமே பார்ப்போம் என்று தேடியதில்தான் கரோலின் ரோவீ-காலியர் கிடைத்தார்.

அமெரிக்க உளவியலாளர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். ஆய்வேடு எழுத வேண்டிய நேரத்தில் கைக்குழந்தை ஓயாமல் அழ, தொட்டிலுக்கு மேலே தொங்கிய பொம்மையிலிருந்து ஒரு ரிப்பனை இழுத்துக் குழந்தையின் கணுக்காலில் கட்டிவிட்டார். உதைத்தால் பொம்மை ஆடும். பிள்ளை சீக்கிரமே பிடித்துக்கொண்டு உதை உதை என்று உதைத்ததாம். அம்மாவுக்கு எழுத நேரம் கிடைத்தது, ஆய்வுக்கு ஒரு வழியும் கிடைத்தது! 1969-ல் அது கட்டுரையாகவும் வந்தது.

பேச முடியாத பிள்ளையிடம் "ஞாபகம் இருக்கா" என்று எப்படிக் கேட்பது? இவர் காலிடம் கேட்டார். பிள்ளைகளின் வீட்டுக்கே போய், முதலில் ரிப்பனைப் பொம்மையோடு இணைக்காமல் சும்மா எத்தனை முறை உதைக்கிறது என்று எண்ணுவார்கள், அப்புறம் இணைத்துப் பழக்குவார்கள், சில நாள் கழித்து மறுபடி இணைக்காமல் பார்ப்பார்கள். முதல் கணக்கைவிட அதிகம் உதைத்தால் ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதப் பிள்ளைக்கு ஓரிரு நாள், மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் போல, ஆறு மாதத்துக்கு இரண்டு வாரம். தொட்டிலைச் சுற்றிக் கட்டும் துணியை வேறு டிசைனில் மாற்றினாலே தடுமாறிவிடுமாம்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது 1980-ல் வந்த அவர்களின் இன்னொரு கட்டுரை. இரண்டு வாரத்தில் மூன்று மாதப் பிள்ளை சுத்தமாக மறந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் சோதனைக்கு முதல் நாள், காலில் எதுவும் கட்டாமல், ஆய்வாளர் தானே பொம்மையை மூன்று நிமிடம் ஆட்டிக் காட்டினால் போதும், மறுநாள் பழையபடி உதைக்கிறது. அப்படியானால் உள்ளே இருந்திருக்கிறது, எடுக்க வழிதான் தெரியவில்லை.

சும்மா இருப்பேனா? தூளியில் அவள் அசைந்தாலே எல்லாம் ஆடுகிறது, அதனால் பாயில் போட்டு, நாற்காலிக் கைப்பிடியில் கிலுகிலுப்பையைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு ரிப்பனை அவள் காலில் கட்டினேன் (பக்கத்தை விட்டு நகரவே இல்லை, பயப்படாதே). இடது காலால் ஒரு உதை, நிறுத்தி மேலே ஒரு பார்வை, மறுபடி உதை. மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் வேறு விரிப்பு, கொட்டாவிதான் விட்டாள். விரிப்பா, பால் குடித்த மயக்கமா, ஒரு பேத்தியை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது!

மருமகனிடம் இதெல்லாம் சொன்னேன், பொம்மையும் அப்பாவும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்துத்தான். அன்றிலிருந்து தினமும் ராத்திரி வீடியோவில் வந்து ஒரே தாலாட்டைப் பாடுகிறார். சகிக்கவில்லை, ஆனால் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

இதோ, எழுந்துவிட்டாள். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
கமலா