பயிற்சி முகாமுக்குப் பார்சல் கட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவ அடிப்படைப் பயிற்சிக்குப் போயிருக்கும் மகனுக்கு என்ன அனுப்பலாம் என்று தங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் கேட்டிருந்தார். வந்த பதில்களில் பாதிக்கு மேல் அனுப்புகிறவர்களின் மனதை ஆற்றும் பொருட்கள்தான். பயிற்சியில் இருப்பவருக்குச் சொந்தமாக இருப்பது ஒரு சின்ன லாக்கரும் கட்டிலடிப் பெட்டியும். எந்தத் தட்டில் எது, எத்தனை மடிப்பில் என்பதுகூட விதிப்படி. வீட்டிலிருந்து கூடுதலாக வரும் ஒவ்வொன்றுக்கும் சோதனை நாளில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே சீக்கிரம் தீர்ந்துபோகும் பொருள் அல்லது காகிதம்போல் தட்டையான பொருள் என்றால் யோசிக்கலாம். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

அவரிடமிருந்து முகவரியும் அனுமதிப் பட்டியலும் வரும்வரை எதையும் அனுப்பாதீர்கள். எது செல்லும், எது செல்லாது என்பது மையத்துக்கு மையம் மாறும், சில இடங்களில் ஒரே மையத்துக்குள் கம்பெனி எனப்படும் படைப்பிரிவுக்குப் பிரிவும் மாறும். தெரிந்த பையனுக்குப் போன வருடம் விட்டார்கள் என்பது கணக்கில் வராது. முகவரியில் படை எண், பதிவேட்டில் உள்ளபடி முழுப்பெயர், பிளட்டூன் (கம்பெனியின் உட்பிரிவு), கம்பெனி, மையத்தின் பெயர், அஞ்சல் குறியீடு எல்லாம் இருக்க வேண்டும். ஒரே கம்பெனியில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பது சாதாரணம்; எண் இல்லாத கடிதம் அவர்களிடையே சுற்றும். வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரை உறைமேல் எழுத வேண்டாம். கடிதத்தைப் பங்கிடுகிறவர் வரிசைக்கு முன்னால் அதை உரக்க வாசிப்பார், பயிற்சி முடியும்வரை அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். வண்ண உறை, ஸ்டிக்கர், வாசனை எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

அனுப்புவதில் முதலிடம் கடிதத்துக்கு. செல்போன் பெரும்பாலும் கையில் இருக்காது, இருந்தாலும் நேரம் இருக்காது. வாரத்துக்கு இரண்டு சிறு கடிதங்கள், மாதத்துக்கு ஒரு பத்துப் பக்கக் கடிதத்தைவிட நல்லது. ஒவ்வொன்றிலும் தேதியோடு 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். களப்பயிற்சிக்குப் போயிருந்தால் கடிதங்கள் சேர்ந்து ஒரே நாளில், முன்பின்னாகக் கைக்கு வரும்; எண் இல்லையென்றால் பாதிச் செய்தி புரியாது. புகைப்படம் வைத்தால் 4 க்கு 6 அங்குல அளவில் இரண்டோ மூன்றோ போதும், நோட்டுக்குள் அடங்கும். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் மை பளபளப்பான பின்தாளில் எளிதில் காயாது, அடுத்த படத்தின் முகத்தில் ஒற்றிக்கொள்ளும்.

பதில் எழுத அவருக்கு வசதி செய்து கொடுங்கள். முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறைகள் ஐந்தாறும் கோடு போட்ட தாள்களும் வைக்கலாம். ஈரக்காற்றில் பசை உறைகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்; மூடிக்கு அடியில் ஒரு மெழுகுத்தாள் துண்டைச் செருகி அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. என்ன எழுதுவது என்று தயங்க வேண்டாம், வீட்டில் நடக்கும் அன்றாடச் சங்கதியே போதும். 'எப்போது வருவாய், நீ இல்லாமல் வீடே இருண்டு கிடக்கிறது' என்கிற வரியை மட்டும் முதல் மாதத்தில் எழுதாதீர்கள். விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று ஊசலாடுகிறவரை அந்த வரி இழுத்துவிடும். மரணம், கடும் நோய் போன்ற செய்தியைக் கடிதத்தில் தெரிவிக்கவே கூடாது. மையத்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மருத்துவமனைச் சான்று போன்ற ஆவணத்தையும் தயாராக வைத்திருங்கள். விடுப்பு அதை வைத்துத்தான் முடிவாகும்.

பார்சலில் போகக்கூடியவற்றில் பெரிய உதவி பாதங்களுக்குத்தான். பயிற்சியில் ஆளை முடக்குவது பெரும்பாலும் தசைவலி அல்ல, கொப்புளம். பருத்தி சாக்ஸ் சுகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முழுப் பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஊறிய தோல் மென்மையாகி, உள்ளடுக்கும் மேலடுக்கும் பிரிந்து நீர் கோக்கும். கம்பளியோ செயற்கை இழையோ கலந்தது நல்லது. அனுமதித்த நிறத்தில், சரியான அளவில், நான்கு ஜோடி போதும். ஒரு அளவு பெரிதாக வாங்கினால் விரலடியில் மடிப்பு விழும், அந்த மடிப்பே போதும் தோலை அறுக்க. உள்ளே திருப்பி விரல்முனைத் தையலைத் தடவிப் பாருங்கள். மேடாக இருந்தால் வேண்டாம். வீட்டிலேயே ஒருமுறை துவைத்து அனுப்புங்கள்.

கூடவே 2.5 செ.மீ. அகலத்தில் தோலில் ஒட்டும் ஜிங்க் ஆக்ஸைடு டேப் சுருள் ஒன்றும் மோல்ஸ்கின் எனும் மெத்தென்ற ஒட்டுத்துணி கொஞ்சமும் அனுப்பலாம். கத்தரிக்கோல் அனுமதி இல்லாத இடங்கள் உண்டு என்பதால் ஒட்டுத்துணியை வீட்டிலேயே சுமார் 5 க்கு 7 செ.மீ. துண்டுகளாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கிவிடுங்கள். கூர்மையான மூலை சாக்ஸில் உரசிச் சுருண்டு, அந்தச் சுருளே அடுத்த கொப்புளத்தைக் கிளப்பும். ஒட்டும் முறையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தோல் சூடாக உறுத்த ஆரம்பித்த உடனே ஒட்ட வேண்டும், கொப்புளம் எழும்பும்வரை காத்திருக்கக் கூடாது. தோல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், பவுடர் அப்புறம்தான். குதிகாலில் ஒட்டும்போது பாதத்தைச் செங்கோணத்தில் வைத்து, டேப்பை இழுக்காமல், சுருக்கமில்லாமல் நீவிவிட வேண்டும். கொப்புளம் ஏற்கெனவே எழும்பியிருந்தால் அதன்மேல் நேராக ஒட்டினால் பிரிக்கும்போது மேல்தோலும் சேர்ந்து வரும். நடுவில் துளையிட்ட துண்டைச் சுற்றி வைப்பதுதான் வழி. அதற்காக நான்கு துண்டுகளில் முன்கூட்டியே துளை போட்டுவிடுங்கள். பூட்ஸுக்குள் போடும் தடித்த மெத்தையை மட்டும் அன்புக்காக அனுப்பாதீர்கள். உள்மெத்தையோடு சேர்த்து அளவு பார்த்துத்தான் பூட்ஸ் கொடுப்பார்கள். இன்னொன்று போனால் குதிகால் மேலே எழும்பி உரசும், விரல்கள் நெரிபடும்.

மருந்து அனுப்பவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பிலும் பாதத்து எலும்புகளிலும் ஓயாத ஓட்டத்தால் மயிரிழை போல விரிசல் விழுவது பயிற்சிக் காலத்தின் பழைய நோய். 1855-லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர் சிப்பாய்களின் வீங்கிய பாதங்களில் இதை விவரித்திருக்கிறார். வலிதான் அதன் முக்கிய எச்சரிக்கை. வீட்டிலிருந்து வந்த வலி மாத்திரை அந்த எச்சரிக்கையை அமுக்கிவிடும். தொடர்ந்து ஓடினால் விரிசல் முழு முறிவாகும். சில வார ஓய்வில் ஆறவேண்டியது பல மாதப் படுக்கையாகிவிடும். போதாக்குறைக்கு இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடலில் நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். கோடீன் கலந்த இருமல் மருந்து சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருளாகக் காட்டும். 'எனர்ஜி' பவுடர், கொழுப்புக் குறைப்பு மாத்திரை இவற்றில் இருக்கும் தூண்டுபொருட்கள் வெயிலில் ஓடும் உடம்பின் சூட்டை ஏற்றும். மருத்துவர் எழுதிக் கொடுத்த நிரந்தர மருந்து இருந்தால் சீட்டோடு மையத்து மருத்துவப் பிரிவு மூலமாகத்தான் போக வேண்டும்.

தின்பண்டம்? அனுமதி இருந்தால் பாரக் (பயிற்சியாளர்கள் தங்கும் கூடம்) முழுவதற்கும் போதுமான அளவு, இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம். ஒருவருக்கு மட்டும் வந்தால் மனக்கசப்பு, ஒளித்து வைத்தால் எறும்பும் எலியும், பிடிபட்டால் மொத்தப் பிளட்டூனுக்கும் தண்டனை.

கண்ணாடி போடுகிறவருக்கு அதே பவரில் இன்னொரு ஜோடியும் கழுத்துப் பட்டையும் அவசியம். கைக்கடிகாரம் என்றால் தண்ணீர் புகாத, விளக்கும் அலாரமும் உள்ள எளிய டிஜிட்டல் போதும். ஜிபிஎஸ், புளூடூத் உள்ளது வேண்டாம். ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட ஓட்டப்பாதை வரைபடத்தில் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில் உலகச் செய்தியானது. அதன்பின் பல இடங்களில் இதில் சலுகை காட்டுவதில்லை. சீருடை நிறத்தில் நூல், ஊசி, நாலு பொத்தான் வைக்கலாம். மகள் என்றால் வழக்கமாகப் பயன்படுத்தும் நாப்கின், தலைமுடி நிறத்தில் ரப்பர் பேண்ட், கொண்டை வலை, ஏற்கெனவே உடுத்திப் பழகிய ஸ்போர்ட்ஸ் பிரா இரண்டு மூன்று. இவற்றைக் கேட்டு எழுதப் பல பெண்கள் கூச்சப்படுவார்கள், நீங்களே கேட்டுவிடுங்கள்.

பெட்டி, செருப்புப் பெட்டி அளவைத் தாண்ட வேண்டாம். பயிற்றுநர் முன்னிலையில்தான் பிரிப்பார்கள். உள்ளே ஒவ்வொன்றையும் தனித்தனியாக டேப் சுற்றி வைத்தால் நேரம் போகும், கோபம் வரும். மேலாக ஒரு பொருள் பட்டியல் வையுங்கள். ஷாம்பு போன்றவற்றின் மூடியைக் கழற்றி, வாயில் பிளாஸ்டிக் தாள் வைத்து மறுபடி திருகி, ஜிப் பையில் போடுங்கள். ஸ்ப்ரே டப்பாவும் பவர் பேங்கும் வேண்டாம், தீப்பற்றக்கூடியவை என்று வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். துணிக்கடியில் எதையும் மறைத்து வைக்காதீர்கள். நிறைவு அணிவகுப்புக்கு இரண்டு வாரம் முன்னால் பார்சலை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு போவது, அவர் அடுத்த யூனிட்டுக்குக் கிளம்பிய பின் வந்து கிடங்கில் கிடக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படைப் பயிற்றுநர்