வின்ட்சர் படகுப் பயணம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் லீவில் எங்களோடு லண்டன் வந்த குழுவைப் பற்றி ஒரு குரல்பதிவு வெள்ளவத்தை முழுக்கச் சுற்றுகிறது. எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். "போட் எண்டு காசு வாங்கிப்போட்டு பஸ்ஸில கொண்டுபோய் இறக்கினவங்கள்" என்கிறார் அதில் ஒரு அக்கா. பஸ்ஸில் போனது உண்மைதான். ஏமாற்றினோம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ரன்னிமீடில் போட் ஏறி வின்ட்சர் கோட்டைக்குப் போவதாகத் திட்டம். 1215இல் ஜோன் மன்னர் மக்னா கார்ட்டாவுக்கு, அதாவது மன்னரின் அதிகாரத்துக்கே எல்லை போட்ட சாசனத்துக்கு, முத்திரை வைத்த அதே ஆற்றங்கரை. ஆனால் அந்தக் கிழமை நல்ல மழை. தேம்ஸில் ஓட்டம் கூடினால் லொக்குகளில், அதாவது கதவு போட்டுப் போட்டை ஏற்றி இறக்கும் இடங்களில், சிவப்புப் பலகை வைத்துவிடுவார்கள். பலகையைப் பார்த்த போட்காரர் கயிற்றை அவிழ்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். அவர் சொன்னதில் என்ன பிழை? ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில், முறிந்த கிளையொன்றைச் சுழற்றிக்கொண்டு போனதை நானும் துறையில் நின்று பார்த்தேன். குழுவில் மூன்று சின்னப் பிள்ளைகள், எழுபது தாண்டியவர்கள் ஐந்து பேர். ஏற்றிக்கொண்டுபோய் ஏதும் நடந்திருந்தால் இன்றைக்கு வேறு மாதிரியான குரல்பதிவு சுற்றியிருக்கும். போட்காரர் திருப்பித் தந்த காசில்தான் அன்றைய மத்தியானச் சாப்பாடு. உங்களிடம் கேட்காமல் அப்படிச் செய்தது பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

"வெறும் கல்லுச் சுவரைக் காட்டினாங்கள்" என்றும் அந்த அக்கா சொல்கிறார். இதுதான் எனக்குச் சுட்டது. கோட்டை என்றால் நமக்குக் கொழும்புக் கோட்டை ரயில் ஸ்டேஷன். அங்கே பார்த்தது வில்லியம் மன்னர் 11ஆம் நூற்றாண்டில் தொடங்கி, இன்றைக்கும் அரச குடும்பம் பாவிக்கிற கோட்டை. 1815இல் கண்டி விழுந்தபோது வெள்ளைக்காரன் கொண்டுபோன சிம்மாசனம் இருந்தது அங்கேதான். 1934இல்தான் திரும்பி வந்தது. அந்தக் கடைசி அரசன் வேலூரில் சிறையிருந்து 1832இல் செத்துப்போனான், அவனுக்கு அது திரும்பக் கிடைக்கவேயில்லை. எங்கள் வழிகாட்டித் தம்பி இதையெல்லாம் பஸ்ஸில் மைக் பிடித்துச் சொன்னபோது பின்சீட்டில் பாதிப் பேர் நித்திரை. சரி, நேர வித்தியாசம், களைப்பு. குறை சொல்லவில்லை.

கோட்டைக்குள் இருக்கிற சென்ட் ஜோர்ஜ் தேவாலயத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளரை விடுவதில்லை. அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். செவ்வாய், புதனில் கோட்டையே பூட்டு என்பதால் இனி வெள்ளி அல்லது சனிதான் போவோம்.

அந்தத் தம்பி போன மாதம் கனடா போய்விட்டார். அவரைப் போல இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை குழுவோடு நானே வருவேன். புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை கொழும்பு நூதனசாலைக்கும் எல்லோரையும் கூட்டிப்போகப் போகிறேன். சிம்மாசனம் இப்போது அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் போனால் வின்ட்சரில் யாரும் கல்லுச் சுவர் என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம், அடுத்த பயணத்திலிருந்து போட் கட்டணம் தனி, முற்பணம் திரும்பாது.

2022இல் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியபோது, கட்டிய காசைத் திருப்பிக் கேட்காமல் "நிலைமை சரியானதும் போவம்" என்று காத்திருந்தவர்கள் உங்களில் பலர். அந்த வருடம் இந்தக் கடை பூட்டாமல் இருந்ததே உங்களால்தான். அந்த அக்காவும் அப்போது காத்திருந்தவர்களில் ஒருவர். அவருடைய படங்கள் கழுவி வந்து கவரில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் பின்னேரம் 6 மணிக்கு முன் வந்தால் நான் கடையில் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் பயண முகவர்,
வெள்ளவத்தை