இறால் மடியில் ஏறி வந்த விலாங்கு

வைப்பின்,
கொச்சி.

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மிச்சம் முழுக்க விலாங்கைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். உன் மருமகன் பார்த்தால் என்ன நினைப்பார்? குழந்தைக்கு எங்கள் ஆசிகள். பெயர் வைத்ததும் எழுது, மேரி கொலுசு வாங்கி அனுப்பவேண்டும் என்று துடிக்கிறாள். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. துறைமுகத்தின் ஈரத் தரையில் நிற்காதே என்கிறார் வைத்தியர். நிற்காமல் இறால் வாங்குவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "கொச்சியில் புதிதாக ஓர் ஆழ்கடல் விலாங்கைக் கண்டுபிடித்திருக்கிறார்களாமே, எந்தக் கப்பலில் போனார்கள், எந்த நீர்மூழ்கியில் இறங்கினார்கள்?" என்று உன் மாணவர்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். யாரும் எதிலும் இறங்கவில்லை. அது கிடைத்த இடம் இங்கே வைப்பினில் இருக்கும் காளமுக்கு மீன்பிடித் துறைமுகம். ஆழ்கடல் இறாலுக்கு மடி, அதாவது இழுவலை, இழுக்கும் விசைப்படகுகளில், இறாலோடு இறாலாக மேலே வந்த மீன் அது. தேசிய மீன் மரபு வள நிறுவனத்தின் ஆட்கள் படகுத்துறைகளில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், அவர்கள் கண்ணில் பட்டது. ஃபச்சொலெல்லா ஸ்மித்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வாத்துமூக்கு விலாங்குகள் என்று ஒரு குடும்பம் உண்டே, நெட்டஸ்டோமாட்டிடே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் கல்லூரியில் படித்தபோது அந்தப் பெயரை ஒரு பட்டியலில் பார்த்ததோடு சரி. இங்கே வந்த பிறகுதான் அந்தக் குடும்பத்து மீன்களைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். என் கைக்கு வருபவை இந்தப் புது இனம்தானா என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் குடும்பச் சாயலைச் சொல்லலாம். நீளமான, தட்டையான மூஞ்சி. மேல்தாடை கீழ்த்தாடையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். நுனியைத் தொட்டால் எலும்பு தட்டாது, மெத்தென்று சதைதான். வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். உள்ளே விரலை விட்டால் அரம் தேய்த்த மாதிரி பொடிப் பற்கள். செவுளுக்குப் பின்னால் மார்புத் துடுப்பைத் தேடினால் இருக்காது, வழவழவென்று தோல் மட்டும். புது இனத்தின் உடம்பு இரண்டு நிறம் என்கிறார்கள், முதுகுப் பக்கம் கருத்த பழுப்பு, வயிற்றுப் பக்கம் வெளுப்பு.

வால்தான் பெரிய தொல்லை. உடம்பு பின்னால் போகப்போக மெலிந்து கடைசியில் நூலாகிவிடும். சில நூறு மீட்டர் ஆழத்திலிருந்து, கூடை கூடையாக இறாலுக்கு அடியில் நசுங்கி, பனிக்கட்டிக்குள் சில நாள் கிடந்து கரைக்கு வரும்போது முழு வாலோடு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். அதனால்தான் விலாங்கு ஆராய்ச்சிக்காரர்கள் மொத்த நீளத்தை நம்பிக் கணக்குப் போடுவதில்லை. மூக்கு நுனியிலிருந்து மலத்துளை வரை ஓர் அளவு எடுத்து, தலை நீளம், உடம்பின் உயரம், முதுகுத் துடுப்பு தொடங்கும் இடம் எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். வால் போனாலும் அந்தப் பகுதி மிஞ்சும்.

'புதிது' என்று எப்படித் தெரியும் என்பதைத்தான் உன் பிள்ளைகள் கேட்டிருக்கவேண்டும். பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரியாது முருகேசா. எல்லாமே எண்ணிக்கைதான். தலையில் உணர்வுத் துளைகள் இருக்கும், ஊசிமுனை அளவுதான். கண்ணுக்கு மேலே எத்தனை, மேலுதட்டை ஒட்டி எத்தனை, கீழ்த்தாடையில் எத்தனை என்று எண்ணவேண்டும். உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோட்டில் மலத்துளை வரை எத்தனை துளைகள், அண்ணத்தில் பற்கள் எத்தனை வரிசை, எல்லாம் உருப்பெருக்கியின் கீழ் வைத்து. அப்புறம் எக்ஸ்ரே. மீனைத் தட்டில் கிடத்திப் படமெடுத்து முள்ளெலும்பு ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். மனிதனுக்கு 33. விலாங்குகளில் நூறுக்கு மேல் சாதாரணம், நெமிக்திஸ் என்ற ஆழ்கடல் விலாங்குக்கு 700-ஐத் தாண்டும். ஓர் எண் பிசகினால் திரும்ப முதலிலிருந்து.

இதற்கெல்லாம் முன்னால் சதையில் சின்னத் துண்டு ஒன்றை வெட்டிச் சாராயத்தில், எத்தனாலைச் சொல்கிறேன், போட்டுவிடவேண்டும். ஃபார்மலினில் ஊறிவிட்டால் டிஎன்ஏ எடுப்பது பெரும் பாடு. அந்தத் துண்டிலிருந்து கிடைக்கும் மரபணு வரிசையை உலகத்தில் இதுவரை பதிவான உறவுக்கார இனங்களோடு ஒப்பிடுவார்கள். எண்ணிக்கையும் மரபணுவும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் "இது வேறு" என்று எழுதத் துணிவு வரும். எழுதிய பிறகும் ஒரு மீனைத் தனியே எடுத்து, 'இந்தப் பெயர் இந்த உடம்புக்குத்தான்' என்று அருங்காட்சியகத்தில் எண் போட்டு வைக்கவேண்டும். பெயரை ஸூபேங்க் என்ற உலகப் பதிவேட்டிலும் ஏற்றவேண்டும். இத்தனை வேலைக்குப் பிறகு செய்தித்தாளில் நாலு வரி வரும். அதில் படம் வேறு மீனுடையதாக இருக்கும்.

பெயரில் இருக்கும் ஸ்மித் யார் என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் ஜி. ஸ்மித். வாழ்நாள் முழுக்க விலாங்கிலேயே கிடந்தவர். அவர் வேலையில் எனக்கு மிகப் பிடித்தது குஞ்சுகளைப் பற்றியது. விலாங்குக் குஞ்சு விலாங்கு மாதிரியே இருக்காது என்பது உனக்குத் தெரியும். இலை மாதிரி தட்டையாக, கண்ணாடியாக, கண் மட்டும் கருப்பாக மேல் கடலில் மிதந்து திரியும். தாய் சில நூறு மீட்டர் அடியில், பிள்ளை வெளிச்சத்தில். உருவத்தில் ஒரு ஒற்றுமையும் கிடையாது. எந்தப் பிள்ளை எந்தத் தாயுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குஞ்சின் உடம்பு கண்ணாடியாக இருப்பதால் தசைக்கண்டங்கள் வரிவரியாகத் தெரியும். அந்த வரிகளின் எண்ணிக்கையும் வளர்ந்த மீனின் முள்ளெலும்பு எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றுதான். உருவம் தலைகீழாக மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. எக்ஸ்ரேயில் எண்ணுகிற எண்ணிக்கைக்கு அதனால்தான் அவ்வளவு மதிப்பு. குஞ்சு மட்டும் வலையில் அகப்பட்டு, தாய் யாரென்றே தெரியாத விலாங்குகள் இன்னும் இருக்கின்றன. விலாங்கு பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்பார்களே, ஆராய்ச்சிக்காரனுக்கு அது இரண்டையுமே காட்டுவதில்லை.

முன்பாதிப் பெயர் லூய்ஜி ஃபச்சொலா என்ற இத்தாலிய இயற்கை ஆய்வாளருடையது. மெசினாவைச் சேர்ந்தவர். அந்த ஜலசந்தியில் நீரோட்டம் அடியிலிருந்து மேலே புரட்டித் தள்ளும், ஆழ்கடல் உயிர்கள் சும்மா கரையில் வந்து கிடக்கும். நாம் பாடத்தில் படித்த இத்தாலிய விலங்கியலாளர் கிராசி, கண்ணாடி இலை மாதிரி இருந்த ஒரு 'மீன்' உண்மையில் ஐரோப்பிய விலாங்கின் குஞ்சுதான் என்று 1890-களில் நிரூபித்ததும் மெசினாவில் கிடைத்தவற்றை வைத்துத்தான். அவர்களுக்குக் கடல் கொண்டுவந்து போட்டது. நமக்கு விசைப்படகு கொண்டுவந்து போடுகிறது.

அந்த விசைப்படகுகள் எதற்காக அவ்வளவு தூரம் போகின்றன தெரியுமா? இங்கே நாங்கள் 'ரெட் ரிங்' என்று வாங்கி விற்கிற சிவப்பு இறாலுக்காக. அதன் அறிவியல் பெயர் அரிஸ்டியஸ் அல்காக்கி. ஆல்ஃபிரட் அல்காக் நினைவாக வைத்தது. 1888 முதல் 1892 வரை 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற அளவைக் கப்பலில் மருத்துவராகவும் உயிரியலாளராகவும் இருந்தவர். நம் பக்கத்து ஆழ்கடல் மீன்களுக்கு முதலில் ஒழுங்காகப் பட்டியல் போட்டவர் அவர்தான், 1899-ல். கங்கை முதலையின் மூக்கை நினைவுபடுத்தும் ஒரு நீளத்தாடை விலாங்குக்கு கவியாலிசெப்ஸ் என்று 1889-லேயே பெயர் வைத்திருக்கிறார். அவர் பெயர் தாங்கிய இறாலைத் தேடிப் போகும் மடியில்தான் அவர் பார்க்காமல் விட்டுப்போன விலாங்கு ஏறி வருகிறது. காலையில் ஏலம் கூறும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். பக்கத்தில் நிற்பவனிடம் சொன்னால், "சேட்டா, விலை சொல்லு" என்பான்.

உன் பக்கத்துக் கரையிலும் இதே கதைதான். கடலூர் மாவட்டத்து முடசலோடை இறங்குதுறையில் கிடைத்த பழுப்பு அஞ்சாளைக்கு, அதுவும் ஒரு வகை விலாங்குதான், ஜிம்னோதொராக்ஸ் தமிழ்நாடுயென்சிஸ் என்று 2023-ல் பெயர் வைத்தார்களே, அது ஆழ்கடல் மீன் அல்ல, ஆனால் வந்த வழி ஒன்றுதான். மீனவர் கொண்டுவந்து கொட்டியதில் ஒருவர் குனிந்து பார்த்திருக்கிறார். உலகத்தில் விலாங்கு இனங்கள் ஆயிரத்துக்கும் மேல். இன்னும் எத்தனை நம் துறைகளிலேயே வந்து போகின்றனவோ.

போகின்றன என்றுதான் சொல்லவேண்டும். இறாலைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கழிசல் முழுவதும் மீன்தூள் ஆலைக்குப் போகிறது. லாரி வந்து நிற்கும், மண்வெட்டியால் அள்ளிப் போடுவார்கள். நான் முன்பு வேலை பார்த்த கம்பெனி ஒன்றில், கழிசலிலிருந்து சில மீன்களைத் தனியே எடுத்துப் பனிப்பெட்டியில் வைத்ததற்கு மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டார். பெட்டியில் இடம் வீணாகிறதாம். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு, பனிக்கட்டி சும்மா வருவதில்லை. என் மனக்குறை அவர் மேல் இல்லை. மடி இழுப்பு கூடாது என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்த ஆழத்து மீன்கள் மெதுவாக வளர்பவை, அடித்தரையை மடி வழித்துக்கொண்டு போகிறது. ஆனால் இழுப்பது இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. வருகிற மீனையாவது அரைப்பதற்கு முன் யாராவது பார்க்கவேண்டாமா? அதற்கு எண்ணத் தெரிந்த கை வேண்டும், அதுதான் இல்லை. படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் மரபணு வரிசையைக் கணினியில் பிரித்து மேய்கிறார்கள், மீனைக் கையில் கொடுத்தால் மலத்துளை எங்கே என்று கேட்கிறார்கள். மரபணு வேலையைக் குறை சொல்லவில்லை, இரண்டும் வேண்டும்.

படகுக்காரர்கள் கில்லாடிகள். குளச்சல் பக்கத்து ஆள் ஒருவர், மடி எந்த ஆழத்தில் இழுத்தது என்பதைக் கழிசலைப் பார்த்தே சொல்லிவிடுவார். வாத்துமூக்கு விலாங்கு வந்தால் "ரெட் ரிங் கிட்ட வந்தாச்சு" என்பார். அவருக்கு அது அடையாள மீன். இதை எந்தக் கட்டுரையிலும் யாரும் எழுதமாட்டார்கள். உன் பிள்ளைகளை அவரிடம்தான் முதலில் கூட்டிப்போகவேண்டும்.

ஆகவே நீ செய்யவேண்டியது இதுதான். இங்கே மழைக்காலத் தடை ஜூலை 31-ல் முடிகிறது. ஆகஸ்ட் முதல் வாரம் கரையோர மீன் குவியும், கூட்டமும் குவியும், அப்போது வேண்டாம். ஆழ்கடல் இறாலுக்குப் படகுகள் போகத் தொடங்கிய பிறகு நான் தகவல் சொல்கிறேன், நாலைந்து பிள்ளைகளோடு கிளம்பி வா. நிறையப் பேரைக் கூட்டி வராதே, ஏலக்காரர்கள் விரட்டிவிடுவார்கள். தங்க நம் வீட்டு மாடி இருக்கிறது. நல்ல இடுக்கி, கைலென்ஸ், சாராயம் ஊற்றிய சின்னச் சின்னக் குப்பிகள், பென்சிலால் எழுதிய சீட்டு, இவ்வளவு போதும். பேனா வேண்டாம், சாராயத்தில் மை கரைந்துவிடும், உனக்கே தெரியும். கழிசலுக்குக் காசு கேட்பார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ரப்பர் பூட்ஸ் மட்டும் நீயே கொண்டு வா, உன் கால் அளவுக்கு இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
சேவியர்