ஒன்பது முறை முதலில் வந்தது சரி, ஜெயித்தது எத்தனை முறை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் ஆஸ்திரேலியாவின் சிட்னி–ஹோபர்ட் பாய்மரப் படகுப் பந்தயம் பற்றி நாலே வரி வந்திருந்தது. அதில் வைல்ட் ஓட்ஸ் 11 படகு '9 முறை சாம்பியன்' என்று போட்டிருக்கிறீர்கள். 9 முறை முதலில் ஹோபர்ட் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் ஒட்டுமொத்த சாம்பியனுக்குத் தரும் டாட்டர்சால் கோப்பை அதற்குக் கிடைத்தது 2005, 2012 என்று இரண்டே முறைதான்.

நம் ஊர்ப்பக்கம் ரேக்ளா பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்து ஓட்டுவார்கள் அல்லவா, அங்கே 100 அடிப் படகும் 30 அடிப் படகும் ஒரே நாளில், டிசம்பர் 26 அன்று, ஒன்றாகக் கிளம்பி 628 கடல் மைல் போகின்றன. அதனால் ஒவ்வொரு படகும் எடுத்துக்கொண்ட நேரத்தை அதன் வடிவத்துக்கும் பாய்க்கும் ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கி, யாருக்குக் குறைவாக வருகிறதோ அவருக்குத்தான் பெரிய கோப்பை.

நான் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், சேலத்துக்காரனுக்குக் கடல் எதற்கு என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். போன மே மாதம் ஏற்காடு ஏரியில் பெடல் படகில் போகும்போது மழை வர, என் மனைவி குடையை விரித்தாள், மலையிலிருந்து இறங்கிய காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போய்க் கரையோரப் புல்லில் சொருகிவிட்டது. பாயை மட்டும் விரித்தால் போதாது, அடியில் பிடிமானம் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வைல்ட் ஓட்ஸின் அடியில் ஈயக் குண்டோடு தொங்கும் தண்டையே காற்று வரும் பக்கமாக ஹைட்ராலிக் வைத்துச் சாய்ப்பார்கள், படகு கவிழாமல் இன்னும் வேகமாகப் போகும். 2016-ல் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது அந்த ஹைட்ராலிக்தான் காலை வாரியது, பாதியில் விலகினார்கள். அதற்கு முந்தைய வருடம் பெரிய பாய் கிழிந்து விலகியதும் இதே படகுதான்.

2017 கதையை நீங்கள் தொடவே இல்லை, எனக்கு அதில்தான் வருத்தம். அந்த வருடம் 1 நாள் 8 மணி 48 நிமிடத்தில் இதுவே முதலில் வந்தது. ஆனால் சிட்னி துறைமுகத்திலேயே, கிளம்பிய கொஞ்ச நேரத்தில், வழிவிட வேண்டிய இடத்தில் கொமான்சி என்ற படகின் குறுக்கே திரும்பிவிட்டது. அங்கேயே இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால் தப்பு தீர்ந்திருக்கும், சுற்றவில்லை. அப்புறம் விசாரணையில் ஒரு மணி நேரம் அபராதம் போட்டார்கள், 26 நிமிடம் பின்னால் வந்த கொமான்சிக்கு முதலிடமும் சாதனை நேரமும் போயின. இத்தனைக்கும் அந்த வருடம் டாட்டர்சால் கோப்பையை வாங்கியது இந்த இரண்டுமே இல்லை, இச்சி பான் என்ற 52 அடிப் படகு!

வரும் டிசம்பரில் முதலில் வந்த படகின் பெயருக்குக் கீழேயே கோப்பை வாங்கிய படகின் பெயரையும் ஒரு வரி போடுங்கள். வைல்ட் ஓட்ஸ் எத்தனை முறை சாம்பியன் என்று பட்டறையில் பந்தயம் கட்டி 'ஒன்பது' என்று சொன்னவருக்கு டீயும் போண்டாவும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், உங்கள் பத்திரிகையைத்தான் எடுத்துக் காட்டினார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செவ்வாய்பேட்டை, சேலம்.