தாருக்கு முன்னால் தண்ணீர்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. சாலைக் குழுவில் உன்னையும் சேர்த்துவிட்டார்கள், "எத்தனை அங்குலம் தார்?" என்பதில்தான் இப்போது சண்டை என்று எழுதியிருந்தாய். அந்தச் சண்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மழை கொட்டும்போது, சாலை போடப்போகும் தடத்தை யாராவது முழுக்க நடந்து பார்த்தீர்களா? தண்ணீர் எங்கே குறுக்கே பாய்கிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து அங்கங்கே முளைக்குச்சி அடித்து வை. வெயில் நாளில் எடுத்த அளவில் இது தெரியாது.

சாலையின் நடு உயர்ந்திருக்க வேண்டும். சரளைச் சாலைக்கு 4 முதல் 6 சதவீதச் சரிவு, தார்ச் சாலைக்கு 2 முதல் 3 போதும். 4 மீட்டர் அகலச் சரளைச் சாலையில் 5 சதவீதம் என்றால் ஓரத்தைவிட நடு 10 செ.மீ. உயரம். ஒரு கயிறும் ரசமட்டமும் இருந்தால் நீயே சரிபார்க்கலாம். ஓரத்தில் புல் மண்டி மேடாகிவிட்டால் இந்தச் சரிவெல்லாம் வீண். தண்ணீர் சாலைக்குள்ளேயே நிற்கும். குழி அங்கேதான் தொடங்கும்.

பக்கத்து வாய்க்காலைத் தோண்டிவிட்டு, அதன் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதை மறந்துவிடுவார்கள். போக வழியில்லாத வாய்க்கால் நீளமான குட்டைதான். அடிமண் ஊறித் தாங்கும் வலுவை இழக்கும். மேலே எவ்வளவு கனமாகத் தார் போட்டாலும் வறண்ட ஏரிமண் போல வெடிக்கும். ஆகவே தாழ்ந்த நிலம் வரும் இடங்களிலெல்லாம் கிளை வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே அனுப்புங்கள். இறக்கத்தில் அரிப்பைத் தடுக்கக் கல் தடுப்பு வைப்பதானால், அதன் நடுவைத் தாழ்த்தி இரு ஓரங்களை உயர்த்துங்கள். தலைகீழாக வைத்தால் தண்ணீர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு சாலையைத் தின்னும்.

சாலைக்கு அடியில் ஓடை கடக்கும் குழாய்ப்பாலத்தில் மிச்சம் பிடிக்காதே. விட்டம் 60 செ.மீ.க்குக் குறைந்த குழாயில் மண் அடைத்தால் தூர் வாருவது பெரும்பாடு. குழாயின் அடிமட்டம் ஓடையின் அடிமட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். தாழ்ந்தால் வண்டல் நிரம்பும். உயர்ந்தால் மேல்பக்கம் தண்ணீர் தேங்கும், கீழ்ப்பக்கம் விழுந்து பறிக்கும். தண்ணீர் வெளியேறும் வாயில் கல் பரப்புங்கள். குழாயின் இருபுறமும் ஒரே உயரத்தில், 15 செ.மீ. அடுக்கடுக்காக மண் போட்டு இடிக்க வேண்டும். மண்ணைக் கையில் பிடித்துப் பார்: உதிர்ந்தால் தண்ணீர் போதாது, விரலில் ஒட்டினால் அதிகம். உருண்டையாக நின்று, கீழே போட்டால் சில துண்டாக உடைவதுதான் பதம்.

இன்னொன்று, குடிநீர்க் குழாய், மின்கம்பி, இணைய கேபிள் எல்லாம் எங்கே சாலையைக் கடக்கும் என்று அந்தந்தத் துறையிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள். தார் போடுமுன் குறுக்கே வெற்றுக் குழாய்களைப் புதைத்து, இரு முனையிலும் அடையாளக் கல் நட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு சாலையை வெட்டுவார்கள். வெட்டியவர்கள் பள்ளத்தில் மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளி மூடுவதால்தான் வெட்டிய கோடு பிறகு தாழ்கிறது.

பேருந்தும் ஆம்புலன்ஸும் குப்பை வண்டியும் கடைசி வீடு வரை போய்த் திரும்ப இடம் வேண்டும். ஒரு வண்டி மட்டும் போகும் அகலமென்றால், எதிர் வண்டிக்கு ஒதுங்கும் இடம் ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பார வண்டிகள் போகுமா என்று நீ எழுதவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓடவிட்டுச் செய்த சோதனையில், சாலைச் சேதம் ஏறக்குறைய அச்சுப் பாரத்தின் (ஒரு சக்கர அச்சு தாங்கும் எடை) நான்காம் அடுக்காக, அதாவது பாரம் இரு மடங்கானால் 2×2×2×2 என்ற கணக்கில், ஏறுகிறது என்று தெரிந்தது. 8 டன் அச்சில் 10 டன் ஏற்றினால் சேதம் சுமார் 2.4 மடங்கு, இரட்டிப்பானால் 16 மடங்கு. மோட்டார் சைக்கிள்களை எண்ணி நேரத்தை வீணாக்காதீர்கள், லாரிகளை எண்ணுங்கள். கனமழை ஓய்ந்த சில நாள்களுக்காவது அவற்றை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடு.

பணம் போதவில்லை என்றால் தார் போடும் நீளத்தைக் குறையுங்கள், வாய்க்காலைக் குறைக்காதீர்கள். முளை அடித்த இடங்களை ஒரு தாளில் வரைந்து அனுப்பு. எங்கெங்கே குழாய் வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
செல்வம்