‘இழுக்குது’ என்றால் என்னவென்று பயிற்சியில் சொல்லிக்கொடுங்கள்

அவசர மருத்துவ அழைப்பு எடுப்பவர்களுக்குத் தமிழில் பயிற்சிப் பாடம் வகுப்பவர்களுக்கு,

வணக்கம். நான் ஹெட்செட் மாட்டி நான்கு வருடம் ஆகிறது. புதிதாகச் சேருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எடுக்கும் அழைப்பை இரண்டாவது ஹெட்செட்டில் கேட்பதும் இப்போது என் வேலை. அந்த நாற்காலியில் இருந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் பாடத்தில் “நோயாளி சுவாசிக்கிறாரா?” என்று ஒரு கேள்வி இருக்கிறது. இதுவரை ஒருவர்கூட அந்தச் சொல்லில் எனக்குப் பதில் சொன்னதில்லை. “மூச்சு வாங்குது” என்பார்கள். “இரைக்குது” என்பார்கள். “மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது”, “இழுத்துக்கிட்டு இருக்கு” என்பார்கள். நான்கையும் ‘ஆம்’ என்ற ஒரே கட்டத்தில் போடச் சொல்கிறது பாடம். முதல் மூன்றில் மூச்சு இருக்கிறது, ஆள் சிரமப்படுகிறார். நான்காவது, பல சமயம், ஆள் கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பதைச் சொல்கிறது.

என் பயிற்சியில் பழைய அழைப்பு ஒன்றை ஓடவிட்டார்கள். பெயர், முகவரி எல்லாம் அழித்த பதிவு. ஒரு பெண் பேசுகிறார்: “எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கறாரு சார். மூச்சு இருக்கு, குறட்டை விடுறாரு.” நாங்கள் 12 பேர் இருந்தோம். 12 பேரும் ‘சுவாசம்: ஆம்’ என்று குறித்தோம். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. பதிவைப் பின்னுக்குத் தள்ளி, அந்தப் பெண் போனைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போன இடத்தை மட்டும் மறுபடி போட்டார். ஒரு கரகரப்பு. அப்புறம் ஃபேன் சத்தம். வெறும் ஃபேன் சத்தம். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: 9 விநாடி. மறுபடி ஒரு கரகரப்பு.

அது குறட்டை இல்லை. இதயம் நின்ற பிறகும் மூளையின் அடித்தண்டு சில நிமிடம் விடாமல் இழுத்துப் பார்க்கும் மூச்சு. அதனால் உடம்புக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. பக்கத்தில் இருப்பவருக்கோ அதுதான் நம்பிக்கை. நெஞ்சை அழுத்தாமல், மின் அதிர்ச்சி கொடுக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்று நீங்களே பாடத்தின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த நிமிடங்களை நாம் எங்கே தொலைக்கிறோம் என்பதற்கு அந்த ஒரு பதிவு போதும். ஆனால் மொத்தப் பயிற்சியிலும் நாங்கள் கேட்ட பதிவு அது ஒன்றுதான். மீதி நேரமெல்லாம் திரையில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதிலேயே போயிற்று.

1970களின் கடைசியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர், போனில் என்ன கேட்க வேண்டும், என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று அட்டைகளில் எழுதிக் கொடுத்தார். இன்று பல நாடுகளில் ஓடும் கேள்வி முறைக்கு அதுதான் வேர். முறையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எழுதியதை எழுதியபடியே கேள் என்ற கட்டுப்பாடு இல்லாவிட்டால், பதறிய நேரத்தில் நானும் சேர்ந்து உளறியிருப்பேன். ஆனால் எழுதியபடி என்றால், எழுதியவர் அழைப்பவரின் பேச்சைக் கேட்டு எழுதியிருக்க வேண்டாமா? நம் கையில் இருப்பது அகராதியை வைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருக்கிறது.

‘இழுக்குது’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தாலும் இழுக்குது. ஆஸ்துமா முற்றினாலும் இழுக்குது. மேலே சொன்ன கடைசி மூச்சும் இழுக்குதுதான். போதாததற்கு, இதயம் நிற்கும்போது முதலில் சில விநாடி கை கால் வெட்டுவதும் உண்டு. அதைப் பார்க்கிறவர் வலிப்பு என்றே சொல்லுவார். ஆக, “எது இழுக்குது, கை காலா, மூச்சா?” என்று அடுத்த நொடியே கேட்கத் தெரிய வேண்டும். இந்தக் கேள்வி எந்த அட்டையிலும் இல்லை. ‘மயக்கம்’ அதைவிட மோசம். தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம். “சுயநினைவு உள்ளதா?” என்று கேட்டால், எதிர்முனையில் ஒரு கணம் அமைதி. “தட்டிக் கூப்பிட்டா கண்ணு முழிக்கிறாரா?” என்று கேளுங்கள், பதில் உடனே வரும்.

மூச்சைச் சோதிக்க ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. “அவர் நெஞ்சைப் பாருங்க. ஒவ்வொரு மூச்சு எடுக்கும்போதும் ‘இப்ப’ன்னு சொல்லுங்க.” இரண்டு ‘இப்ப’வுக்கு நடுவில் எட்டு, பத்து விநாடி ஓடினால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றும் இல்லை, நெஞ்சை அழுத்தச் சொல்ல வேண்டியதுதான். இதைப் படித்தால் மட்டும் போதாது. புதியவர்களுக்கு அந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. மூன்றாவது விநாடியிலேயே அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். நானும் தாவியிருக்கிறேன்.

சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவி, அதன் எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம். அப்படியானால் ஒரு எண்ணுக்குக் கிட்டத்தட்ட அரை விநாடிதான். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” அதற்குள் அடங்குகிறது. பாடத்தில் உள்ளபடி முப்பது வரை போனால் ‘பதினொண்ணு’ வரும்போதே நாக்கு தடுக்குகிறது, கையும் அதோடு சேர்ந்து தளர்கிறது. நான்கு வரை எண்ணி மறுபடி ஒண்ணிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் வேகம் குறையாது. பயிற்சிப் பொம்மைமேல் கையை வைத்து நீங்களே வாய்விட்டு எண்ணிப் பாருங்கள்.

“தயவுசெய்து அமைதியாக இருங்கள்” என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதைச் சொல்லி அமைதியான ஒருவரையும் நான் கண்டதில்லை. ஒரே வேலையை ஒரே சொற்களில், காரணத்தோடு, திரும்பத் திரும்பச் சொன்னால் கேட்கிறார்கள்: “அம்மா, அவரைத் தரையில் இறக்குங்க, அப்பத்தான் அழுத்த முடியும்.” கட்டிலில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும் என்பதை மூன்றாவது முறை சொல்லும்போது கேட்டுவிடுகிறார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடிப்படைப் பயிற்சி பல இடங்களில் 24 மணி நேரம், அதாவது 3 நாள். அதில் அரை நாளைக் காதுக்கு ஒதுக்குங்கள். அடையாளம் நீக்கிய பதிவுகள், கண்ணை மூடிக்கொண்டு, திரை அணைத்திருக்க. அடுத்து, வருடக்கணக்காக அழைப்பு எடுக்கிறவர்கள் நான்கைந்து பேரை உட்காரவைத்துக் கேள்விகளைப் பேச்சுத் தமிழில் திருப்பி எழுதவையுங்கள். மருத்துவர் சரிபார்க்கட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அழைப்பவர்கள் சொன்ன சொற்கள் மட்டும். ஆள் யார், ஊர் எது என்று ஒன்றும் இல்லை. ‘நெஞ்சை அடைக்குது’, ‘வாய் கோணிடுச்சு’, ‘பேச்சு குழறுது’, ‘உடம்பு சில்லிட்டுப் போச்சு’ என்று பக்கம் பக்கமாக. கேட்டால் தருகிறேன். போன வாரம் கடைசியாக எழுதியது ‘கண்ணு மேல சொருகிடுச்சு’. வலிப்பின் கீழே எழுதி, அடித்து, மயக்கத்தின் கீழே எழுதி, அதையும் அடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இரவுப் பணியில் இருக்கும் ஒரு கால் டேக்கர்